குடும்ப நீதிமன்றத்துக்கு என்ன உடுத்திப் போவது: புடவையா சுடிதாரா, வேட்டியா பேண்ட்டா, தாலி இருக்கட்டுமா வேண்டாமா

குடும்ப நீதிமன்ற வழக்குகள் நடத்தும் வக்கீல் நான். விசாரணைக்கு முந்தின நாள் சாயங்காலம் கட்சிக்காரர்களிடமிருந்து தவறாமல் ஒரு போன் வரும்: "மேடம், நாளைக்கு என்ன போட்டுக்கிட்டு வரணும்?" பாதிப் பேர் தயங்கித் தயங்கித்தான் கேட்பார்கள். இந்த நேரத்தில் போய் துணியைப் பற்றிக் கேட்கிறோமே என்ற கூச்சம். கேட்க வேண்டிய கேள்விதான் அது. கேட்காமல் வந்து, வராந்தாவில் எதிர்த்தரப்புச் சொந்தக்காரர்களின் பார்வையில் குறுகிப்போய் நின்றவர்களைப் பார்த்திருக்கிறேன். ஒருவர் குறுகிப்போய் நின்றால் சாட்சிக் கூண்டில் அவர் குரலும் குறுகிவிடுகிறது.

முதலில் சட்டம் என்ன சொல்கிறது என்று பார்த்துவிடலாம். கட்சிக்காரர் இன்னதுதான் உடுத்த வேண்டும் என்று எந்தச் சட்டத்திலும் இல்லை. கறுப்புக் கோட்டும் வெள்ளைக் கழுத்துப்பட்டையும் எங்களுக்குத்தான். அதிலும் கோடைக்காலத்தில், உச்ச நீதிமன்றம், உயர் நீதிமன்றங்கள் தவிர மற்ற இடங்களில் கோட்டுக்கு விலக்கு உண்டு. 2022-ல் பாட்னா உயர் நீதிமன்றத்தில் ஓர் ஐ.ஏ.எஸ். அதிகாரி கோட் போடாமல், காலர் பட்டன் திறந்தபடி வந்ததற்காக நீதிபதி கடிந்துகொண்ட வீடியோ நாடெங்கும் பரவியது. 2024 ஜனவரியில் உச்ச நீதிமன்றம், தேவையில்லாமல் அதிகாரிகளின் உடையையும் தோற்றத்தையும் பற்றி நீதிமன்றங்கள் கருத்துச் சொல்லக் கூடாது என்று வழிகாட்டு நெறி வகுத்தது. அது அரசு அதிகாரிகளுக்காகச் சொன்னது. அதிகாரிக்கே அப்படியென்றால், வாழ்க்கை உடைந்து வந்து நிற்கும் சாதாரண மனுஷிக்கு அந்தக் கண்ணியம் இன்னும் கூடுதலாகக் கிடைக்க வேண்டும் என்பது என் எண்ணம்.

பிறகு எதற்கு உடையைப் பற்றி இவ்வளவு யோசனை? குடும்ப நீதிமன்றம் நடக்கிற விதம் அப்படி. நிலத் தகராறு வழக்கில் வக்கீல் போய் வாய்தா வாங்கிக்கொண்டு வந்துவிடுவார், கட்சிக்காரர் மாதக்கணக்கில் கோர்ட் பக்கம் எட்டிப் பார்க்க வேண்டியதில்லை. இங்கே அப்படி முடியாது. 1984-ஆம் ஆண்டின் குடும்ப நீதிமன்றச் சட்டத்தில் 13-ஆவது பிரிவு, வக்கீல் வைத்துக்கொள்வது கட்சிக்காரரின் உரிமை இல்லை என்றே சொல்கிறது. நடைமுறையில் அனுமதி கிடைக்கிறது, ஆனாலும் நீதிபதி உங்களிடம்தான் நேராகப் பேசுவார். 9-ஆவது பிரிவின்படி, முடிந்தவரை சமரசத்துக்கு முயற்சி செய்வது நீதிமன்றத்தின் கடமை. அதனால் கவுன்சிலர், அதாவது கோர்ட்டின் குடும்ப ஆலோசகர், உங்களை எதிரே உட்காரவைத்துப் பேசுவார். மனுவைப் புரட்டும்போதே உங்களையும் ஏறிட்டுப் பார்க்கிற கோர்ட் இது.

நான் சொல்லும் அளவுகோல் ஒன்றுதான். மனுவில் உங்களை யாரென்று எழுதியிருக்கிறோமோ, அந்த ஆள்தான் கோர்ட்டுக்கு வர வேண்டும். அதைவிடப் பணக்காரராகவும் வேண்டாம், ஏழையாகவும் வேண்டாம். ரேஷன் கார்டில் திருத்தம் செய்ய தாலுகா ஆபீஸுக்கோ, பிள்ளையின் பள்ளிக்கூடத்தில் தலைமையாசிரியரைப் பார்க்கவோ போகும்போது என்ன உடுத்துவீர்களோ, அநேகமாக அதுவே போதும்.

பெண்களுக்குப் புடவையா சுடிதாரா? இதில் பெரியவர்கள் ஒரே பிடியாகப் புடவை என்பார்கள். "ஜட்ஜ் அய்யா முன்னாடி அடக்கமா நிக்கணும்" என்று அம்மாவோ அத்தையோ புடவையை எடுத்து வைத்துவிடுவார்கள். தினமும் புடவை கட்டுகிறவர் என்றால் தாராளமாகப் புடவையிலேயே வரலாம். காட்டன் நல்லது, ஒட்டாத சின்தடிக்கும் பரவாயில்லை. ஆனால் கல்யாணத்துக்கும் பொங்கலுக்கும் மட்டுமே புடவை கட்டுகிறவர், சாட்சி சொல்கிற நாளில் கட்டிக்கொண்டு வருவதை நான் விரும்புவதில்லை. குறுக்கு விசாரணையில் கூண்டில் மணிக்கணக்காக நிற்க வேண்டிவரலாம். கொசுவம் நழுவுகிறதா, தோள் பின் குத்துகிறதா என்று கை அங்கேயே போய்க்கொண்டிருந்தால், "அந்தத் தேதியில் நீங்கள் எங்கே இருந்தீர்கள்?" என்ற கேள்வி காதில் விழாது. பதில் சொல்லத் தாமதமானால் பொய் யோசிக்கிறார் என்று எதிர் வக்கீல் சொல்லிக் காட்டுவார். பழகிய சுடிதார், துப்பட்டாவை இரண்டு தோளிலும் பின் குத்திவிட்டால், இந்தக் கவலை எதுவும் இல்லை. அதனால் சாட்சி நாளுக்கு என் ஓட்டு சுடிதாருக்கு. மற்ற நாட்களுக்கு எது பழக்கமோ அது.

குர்த்தி, ஜீன்ஸ் பற்றிக் கேட்கிறவர்களுக்கு நேர்மையாக இரண்டு பக்கத்தையும் சொல்லிவிடுகிறேன். சத்தீஸ்கரில் ஒரு வழக்கு. அம்மா வேலைக்குப் போகிறார், ஆண் சக ஊழியர்களோடு பயணம் போகிறார், ஜீன்ஸ் டி-ஷர்ட் போடுகிறார் என்றெல்லாம் சாட்சி சொல்லவைத்து, குழந்தையை அப்பாவிடம் ஒப்படைக்கும்படி குடும்ப நீதிமன்றத்தில் உத்தரவு வாங்கினார்கள். 2022-ல் உயர் நீதிமன்றம் அதை ரத்து செய்து குழந்தையை அம்மாவிடம் கொடுத்தது. கணவன் விருப்பப்படி மனைவி தன்னை மாற்றிக்கொள்ளவில்லை என்பது பிள்ளையை இழக்கக் காரணம் ஆகாது என்றது. 2024-ல் கேரள உயர் நீதிமன்றமும், ஒரு பெண்ணை அவள் உடையைவைத்து எடைபோடுவதை ஏற்க முடியாது என்று, குடும்ப நீதிமன்றம் எழுதியிருந்த வார்த்தைகளைக் கண்டித்தது. சட்டம் உங்கள் பக்கம்தான். ஆனால் கவனித்துப் பாருங்கள், இரண்டு அம்மாக்களுமே உயர் நீதிமன்றம் வரை போய்த்தான் இதை வாங்க வேண்டியிருந்தது. சத்தீஸ்கர் வழக்கில் அதற்கு வருஷக்கணக்கானது. குழந்தை சம்பந்தப்பட்ட வழக்கு கையில் இருக்கும்போது, என் கட்சிக்காரர் எந்த மனநிலையுள்ள நீதிபதி முன்னால் நிற்கப்போகிறார் என்று எனக்கு முன்கூட்டித் தெரியாது. ஆகவே விசாரணை நாட்களில் ஜீன்ஸ் வேண்டாம், முழங்கால் தாண்டிய குர்த்தியும் லெக்கிங்ஸோ பேண்ட்டோ போதும் என்கிறேன். இப்படிச் சொல்லவேண்டியிருப்பது எனக்கே கசப்பாக இருக்கிறது. இந்தச் சண்டையை நடத்த வேண்டிய இடம் மேல்முறையீடு, பிள்ளையை வைத்துக்கொண்டு கீழ்க் கோர்ட்டில் சோதித்துப் பார்க்கக் கூடாது.

இன்னொன்று. கோர்ட்டுக்கு நீங்கள் போட்டுவரும் உடையைவிட வாட்ஸ்ஆப் டிபியில் போட்டிருக்கும் உடை அதிகமாகப் பேசப்படுகிறது. அதே 1984 சட்டத்தின் 14-ஆவது பிரிவு, சாதாரண சாட்சிய விதிகளுக்குள் வராத ஆவணத்தையும் குடும்ப நீதிமன்றம் எடுத்துக்கொள்ள இடம் தருகிறது. தோழியின் கல்யாணத்தில் எடுத்த ரீல்ஸை ஸ்கிரீன்ஷாட் எடுத்து மனுவோடு சேர்த்துவிடுவார்கள். அதை மறைக்கவோ அழிக்கவோ சொல்லமாட்டேன், அழித்தால் அதுவே இன்னொரு கேள்வியாகும். என்னிடம் மட்டும் முன்னாலேயே சொல்லிவிடுங்கள்.

அடுத்தது தாலி. உடை என்ற தலைப்பில் என் கட்சிக்காரர்களை உண்மையிலேயே தூங்கவிடாமல் செய்வது இதுதான். மூன்று வழி இருக்கிறது: வெளியே தெரியும்படி போட்டுக்கொண்டு வருவது, துணிக்குள் விட்டுக்கொள்வது, போடாமல் வருவது.

2022 ஜூலையில் சென்னை உயர் நீதிமன்றம் கொடுத்த ஒரு தீர்ப்பைத் தெரிந்துகொள்ளாமல் இதைப் பேச முடியாது. பிரிந்திருந்த மனைவி தாலியைக் கழற்றியது கணவனுக்கு இழைத்த உச்சகட்ட மனக்கொடுமை என்று அந்த அமர்வு சொன்னது. சங்கிலியைத்தான் கழற்றினேன், தாலியை வைத்திருக்கிறேன் என்று அந்தப் பெண் சொன்ன விளக்கமும் எடுபடவில்லை. அதே தீர்ப்பில், தாலியைக் கழற்றியது ஒன்றே திருமணத்தை முறித்துவிடப் போதும் என்று தாங்கள் சொல்லவில்லை, எண்ணம் என்னவென்று அனுமானிக்க அது ஒரு சாட்சியம் என்றும் எழுதினார்கள். பத்திரிகைகளில் முதல் வரிதான் தலைப்பானது. இரண்டாவதையும் சேர்த்துப் படிக்க வேண்டும். அந்த வழக்கில் மற்ற காரணங்களும் சேர்ந்துதான் விவாகரத்து கொடுக்கப்பட்டது.

இதோடு இன்னொரு உண்மையும் இருக்கிறது. தமிழ்நாட்டில் 1968 முதல், இந்து திருமணச் சட்டத்தின் 7-ஏ பிரிவில், சுயமரியாதைத் திருமணம் செல்லும். அதில் மாலை மாற்றினாலோ மோதிரம் போட்டாலோ போதும், தாலி கட்டியே ஆக வேண்டும் என்பதில்லை. அப்படித் தாலியே இல்லாமல் மணந்தவரிடம் தாலி எங்கே என்று கேட்க யாருக்கும் வழியில்லை.

சரி, என்ன செய்வது? கோர்ட்டிடம் நீங்கள் கேட்பது என்ன என்பதைப் பொறுத்தது. சேர்ந்து வாழ வேண்டும் என்று மனுப் போட்டிருக்கிறீர்கள், அல்லது கணவர் போட்ட விவாகரத்து மனுவை எதிர்க்கிறீர்கள் என்றால், போட்டுக்கொண்டிருக்கும் தாலியைக் கழற்ற வேண்டாம். கழற்றினால் மேலே சொன்ன தீர்ப்பை எதிர்த்தரப்பு கையில் எடுக்கும். வெளியே எடுத்துவிட்டுக் காட்ட வேண்டியதும் இல்லை, எப்போதும் எப்படி இருக்குமோ அப்படி இருக்கட்டும். கொடுமையைச் சொல்லி நீங்களே விவாகரத்து கேட்டிருக்கிறீர்கள் என்றால் முடிவு உங்களுடையது. அடித்தவன் கட்டிய கயிற்றைக் கழுத்தில் சுமந்துகொண்டு அவன் அடித்ததைச் சொல்லச் சில பெண்களால் முடிவதில்லை. அவர்களைப் போட்டுக்கொண்டு வா என்று நான் வற்புறுத்தியதில்லை. சிலருக்கு வழக்கு முடியும்வரை கழற்ற மனசு வராது. அதைக் காட்டி "அப்படியென்றால் கொடுமை எதுவும் நடக்கவில்லையே" என்று எதிர் வக்கீல் கேட்பார். கேட்டால் உள்ளதைச் சொன்னால் போதும்.

செய்யவே கூடாதது ஒன்று இருக்கிறது. ஒரு வருஷமாகப் போடாத தாலியை விசாரணை நாள் காலையில் புது மஞ்சள் கயிற்றில் கோத்துப் போட்டுக்கொண்டு வராதீர்கள். மஞ்சள் ஈரம்கூடக் காயாத கயிறு ரவிக்கைக் கழுத்தில் கறை படிய இறங்கியிருக்கும். எதிரே உட்கார்ந்திருக்கும் மாமியாருக்கு அது முதல் பார்வையிலேயே தெரியும், ஐந்து நிமிஷத்தில் அவர்கள் வக்கீலுக்கும் தெரியும். "இதை எப்போதிருந்து போட்டிருக்கிறீர்கள்?" என்று கூண்டில் கேட்டுவிட்டால், அதற்கு நீங்கள் சொல்லும் பதில் மற்ற எல்லாப் பதிலையும் சந்தேகத்துக்குள் இழுத்துவிடும். நகை வங்கி லாக்கரில் இருக்கிறது, அறுந்துவிட்டது, அடகில் இருக்கிறது என்றால் அதையே சொல்லுங்கள். குங்குமம், மெட்டி, கிறிஸ்தவர்களுக்கு மோதிரம், முஸ்லிம்களுக்குக் கருகமணி, எல்லாவற்றுக்கும் இதுதான். புர்காவில் வருவதற்கு எந்தத் தடையும் இல்லை. ஆளை அடையாளம் பார்க்க முகம் காட்டச் சொன்னால், பெண் ஊழியர் முன்னால் காட்ட அனுமதி கேட்கலாம்.

கல்யாணம் ஆனதன் அடையாளமாக ஆண் கழுத்தில் எதுவும் கிடையாது. அதனால் இந்தக் கேள்வி அவருக்கு வருவதே இல்லை. இந்த அநியாயத்தை ஒவ்வொரு வழக்கிலும் பார்க்கிறேன், பழகிப்போகவில்லை.

நகை பற்றி. ஜீவனாம்சம் கேட்டு மனுப் போட்டவர்களில் சிலர் வேண்டுமென்றே நைந்த புடவையைத் தேடிக் கட்டிவருவார்கள். அக்கம்பக்கத்தில் யாரோ சொல்லிக்கொடுத்திருப்பார்கள். தேவையே இல்லை. முன்பு குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 125-ஆவது பிரிவாக இருந்து, 2024 ஜூலை முதல் புதிய சட்டத்தின் 144-ஆவது பிரிவாகியிருக்கும் அந்த விதியில், தன்னைப் பராமரித்துக்கொள்ள இயலாத மனைவி என்றுதான் இருக்கிறது. அதற்கு அர்த்தம் தெருவில் நிற்பவள் என்பதல்ல என்று உச்ச நீதிமன்றம் 2007-லேயே விளக்கிவிட்டது. வருமானத்தைத் துணி சொல்ல வேண்டியதில்லை. 2020 நவம்பரில் வந்த உச்ச நீதிமன்றத் தீர்ப்புக்குப் பிறகு, இரண்டு தரப்புமே சொத்து, கடன், வரவு, செலவு அனைத்தையும் பிரமாணப் பத்திரமாகத் தாக்கல் செய்ய வேண்டும். அதோடு ஒத்துப்போகிற மாதிரி வாருங்கள். துவைத்து இஸ்திரி போட்ட பழைய புடவை எந்த விதத்திலும் உங்கள் கோரிக்கையைக் குறைக்காது.

எதிர்ப்பக்கமும் உண்டு. "என் சீதன நகை முழுக்க மாமியார் வீட்டில் இருக்கிறது" என்று மனுவில் எழுதிவிட்டு, சித்தியிடம் இரவல் வாங்கிய ஆரத்தைப் போட்டுவந்தால், அது இரவல் என்று நிரூபிக்கிற வேலை நமக்கு வந்துசேரும். சின்னத் தோடு, ஒரு வளையல், மெல்லிய சங்கிலியோடு நிறுத்திக்கொள்ளுங்கள். தினமும் பூ வைக்கிறவர் பூ வைத்துக்கொண்டே வரலாம். "பூ வச்சிக்கிட்டு வந்திருக்கா பாரு" என்று வராந்தாவில் முணுமுணுப்பார்கள், அதற்காக ஒரு முழம் மல்லிகையைக்கூட விட்டுக்கொடுக்க வேண்டியதில்லை.

ஆண்களுக்கு வருவோம். இங்கே ஒப்பிட அதிகம் இல்லை. பேண்ட், முழுக்கைச் சட்டை, இன் பண்ணி, மேல் பட்டன் ஒன்று திறந்திருந்தால் போதும். வேட்டி சட்டை இதற்கு எந்த விதத்திலும் குறைந்ததில்லை. டவாலி பெயரைக் கூப்பிட்டதும் மடித்துக் கட்டியதை இறக்கிவிட்டு உள்ளே போங்கள். கட்சிக் கரை போட்ட வேட்டியை மட்டும் தவிர்த்துவிடுங்கள். உங்கள் கட்சி எது என்று நீதிபதிக்குத் தெரிய வேண்டிய அவசியம் இல்லை, செல்வாக்கைக் காட்ட வந்திருக்கிறார் என்று மனைவி தரப்பு சொல்லவும் இடம் கொடுக்க வேண்டாம். தோளில் துண்டு போடுகிறவர் போட்டபடியே நிற்கலாம். அதை எடுத்துக் கக்கத்தில் இடுக்கச் சொல்லும் காலம் மலையேறிவிட்டது. லுங்கி, அரைக்கால் சட்டை, எழுத்துப் போட்ட டி-ஷர்ட் வேண்டாம். ஐயப்பனுக்கு மாலை போட்டிருந்தால் கறுப்பு வேட்டியிலேயே வரலாம்.

வெள்ளைச் சட்டை, கறுப்பு பேண்ட் நல்ல சேர்க்கைதான் என்றாலும் கோர்ட்டுக்கு ஒத்துவராது. ஜூனியர் வக்கீல்களும் சட்டக் கல்லூரி மாணவர்களும் அப்படித்தான் வருவார்கள். உங்களை வக்கீல் என்று நினைத்து யாராவது கேஸ் கட்டை நீட்டுவார்கள், அல்லது வக்கீல் போல நடிக்கிறாயா என்று சண்டைக்கு வருவார்கள். நீலமோ பழுப்போ போட்டால் அந்த வம்பு இல்லை.

டிரைவர், செக்யூரிட்டி, நர்ஸ் போன்றவர்கள் டியூட்டியிலிருந்து நேராகச் சீருடையில் வரலாமா என்று கேட்பார்கள். தாராளமாக. மாசம் இவ்வளவுதான் சம்பளம் என்று பிரமாணப் பத்திரத்தில் சொல்லியிருக்கும் ஆட்டோ ஓட்டுநருக்குக் காக்கிச் சட்டையைவிட நம்பகமான உடை கிடையாது. மாறாக, மாத வருமானம் பன்னிரண்டாயிரம் என்று எழுதிக்கொடுத்துவிட்டு, கையில் கனத்த பிரேஸ்லெட்டும் விலை உயர்ந்த வாட்சுமாக வருகிறவர்களுக்கு நான் உடை ஆலோசனை சொல்வதில்லை. பத்திரத்தைத் திருத்திப் போடச் சொல்கிறேன். பொய்ப் பிரமாணத்துக்கு நடவடிக்கை உண்டு.

கவுன்சிலிங் நாளுக்குத் தனியாக ஒன்று சொல்ல வேண்டும். அது சின்ன அறை, இருவரும் கை நீட்டினால் தொடும் தூரத்தில் உட்கார்ந்திருப்பீர்கள். முகூர்த்தப் பட்டையோ, அவர் பிறந்தநாளுக்கு வாங்கிக்கொடுத்த புடவையையோ, அவள் தேர்ந்தெடுத்த சட்டையையோ அன்றைக்குப் போட வேண்டாம். சேர்ந்து வாழ ஆசைப்பட்டுச் சிலர் அப்படி வருகிறார்கள். எதிரில் இருப்பவருக்கு அது நினைவைக் கிளறும், எந்த நினைவு என்பது நம் கையில் இல்லை. பரஸ்பர சம்மத விவாகரத்துக்கு வரும் நாளில் உடையைப் பற்றிக் கவலையே வேண்டாம். சுயவிருப்பத்தில்தான் கேட்கிறீர்களா என்று நீதிபதி இருவரையும் கேட்பார், சுத்தமாக எதை உடுத்தியிருந்தாலும் சரி.

குழந்தையை அழைத்துவரச் சொன்ன நாளில், கோர்ட்டுக்கென்று பட்டுப் பாவாடையும் கோட் சூட்டும் மாட்டிவிடாதீர்கள். நீதிபதி தன் அறையில் குழந்தையோடு தனியாகப் பேசும்போது அது காலரைச் சொறிந்துகொண்டே இருக்கும். விளையாடும்போது போடுகிற, வியர்வை உறிஞ்சும் பருத்தி உடுப்பும், ஒரு மாற்றுத் துணியும் போதும். பார்க்க வருகிற அப்பாவோ அம்மாவோ வாங்கிவந்த உடையைக் குழந்தை அங்கேயே போட்டுப் பார்க்க ஆசைப்பட்டால் தடுக்காதீர்கள். வாங்குகிறவர் ஒரு அளவு பெரிதாகவே வாங்குங்கள். பல மாதமாகப் பார்க்காத பிள்ளை நீங்கள் நினைத்திருப்பதைவிட வளர்ந்திருக்கும்.

வெளிநாட்டில் இருப்பவர்கள் வீடியோவில் ஆஜராக அனுமதி வாங்கியிருந்தால், நேரில் வருகிற அதே உடைதான். மேலே சட்டையும் கீழே ஷார்ட்ஸும் போட்டு உட்காராதீர்கள், அடையாள அட்டையை எடுத்துக் காட்டச் சொன்னால் எழுந்துதான் ஆக வேண்டும். பின்னால் கட்டிலும் துணி உலர்த்தும் கொடியும் தெரியாத சுவராகப் பார்த்து உட்காருங்கள்.

நேரில் வருகிறவர்கள் பத்தரைக்குக் கோர்ட் உட்காரும் முன்பே வந்துவிடுங்கள். சென்னை குடும்ப நீதிமன்றம் உயர் நீதிமன்ற வளாகத்துக்குள் இருப்பதால் வாசலில் பாதுகாப்புச் சோதனை உண்டு. அடையாள அட்டை எளிதில் எடுக்கும் இடத்தில் இருக்கட்டும். கைக்குட்டை, தண்ணீர் பாட்டில், புடவைக்காரர்களுக்கு நாலைந்து பின் உபரி. உங்கள் பெயரைக் கூப்பிட மத்தியானம் ஆனாலும் ஆகும், அதுவரை அந்தத் துணியில்தான் உட்கார்ந்திருக்க வேண்டும்.